அம்மா புடவையை வெட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைப் பருவ வீடு, அம்மா, அடுப்படி இவற்றை வைத்து ஓவியமோ தையலோ சிற்பமோ செய்ய நினைப்பவர்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். மாட்டுங்கா முதல் டோம்பிவ்லி வரை மும்பைத் தமிழர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. செய்முறை கேட்டவர்களுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

மாட்டுங்கா வாசகி: அம்மாவின் வருஷாப்திகம் முடிந்து பீரோவைத் திறந்தால் பதினான்கு புடவை இருக்கிறது. பட்டு நாலு, மீதியெல்லாம் சுங்குடியும் நூல் புடவையும். அதில் ஏதாவது செய்து சுவரில் மாட்ட ஆசை. ஆனால் கத்திரிக்கோலை எடுத்தாலே கை நடுங்குகிறது. வெட்டினால் பாவம் என்கிறாள் அக்கா. என்ன செய்யட்டும்?

முதல் வேலைக்குக் கத்திரிக்கோலே வேண்டாம். நூல் புடவை ஐந்தரை மீட்டர் நீளம். அதை நீளவாட்டில் மூன்றாக மடித்தால் 1.8 மீட்டருக்கு 1.15 மீட்டர் அளவில் மூன்று அடுக்குத் துணி கிடைக்கும். மராத்தி வீடுகளில் பழைய புடவைகளை இப்படி அடுக்கித் தைப்பதைத்தான் கோதடி என்கிறார்கள். நம் வீடுகளில் தூளிக்குப் போகும் புடவை அவர்கள் வீட்டில் போர்வைக்குப் போகிறது. உங்கள் அக்காவிடம் இதைச் சொன்னால் பாதி சண்டை தீரும்.

முதலில் கஞ்சி முழுவதும் போகும்படி புடவையை இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அதற்கும் முன் சாயம் போகிறதா என்று பாருங்கள்: ஈரமான வெள்ளைத் துணியை முந்தானையின் பின்பக்கம் வைத்து ஒரு நிமிடம் அழுத்தி எடுத்தால் தெரிந்துவிடும். சுங்குடியில் சிவப்பும் அரக்கும் இறங்க வாய்ப்பு அதிகம். இறங்கினால் அந்தப் புடவையை மற்றவற்றோடு சேர்த்து நனைக்காதீர்கள்.

மடித்த துணியைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி 10 செ.மீ. கட்டம் கட்டமாகப் பெரிய தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் மூன்று அடுக்கும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போய் நடுவில் கொப்புளம் கொப்புளமாக எழும். பிறகு எப்படி இழுத்தாலும் அது அடங்காது. இந்தக் கட்டத் தையல் பிடித்த பிறகு, 1.5 செ.மீ. இடைவெளியில் நீளவாட்டில் ஓட்டுத் தையல் போடலாம். மொத்தம் எழுபத்தேழு வரி, சுமார் 140 மீட்டர் தையல் வரும். ஒரு வரிக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம் வைத்துக்கொண்டால் முழுதும் முடிய இருபது, இருபத்தைந்து மணி நேரம் ஆகும். நூல் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் நூல் பழைய பருத்தியை விட வலுவானது. இழுபடும்போது நூல் நிற்கும், புடவை அறுந்துவிடும்.

தைக்கத் தொடங்குமுன் ஒரு சாயங்காலம் முழுக்கப் புடவையைப் பார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள். முந்தானை நுனியிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்தில், தோளில் ஊக்கு குத்திய இடத்தில் பொடித் துளைகள் கூட்டமாக இருக்கும். கீழ்க் கரையில் குதிகால் உரசிய இடம் நைந்திருக்கும். இடுப்பில் செருகிய உள்தலைப்பில் பாவாடை நாடாவின் தடம் சாய்வாக ஓடும். அடுக்களையில் கை துடைத்த மூலையில் மஞ்சள் கறை இருக்கும். உங்கள் படைப்புக்குச் சரக்கு இதுதான். ஊக்குத் துளைகளைச் சுற்றி மட்டும் வேறு நிறத்தில் தையல் போட்டாலே போதும். அதன்மேல் 'அம்மா' என்று எழுதவோ இதயம் பொறிக்கவோ தேவையில்லை.

பட்டுப் புடவைகளை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பட்டும் பருத்தியும் சுருங்கும் விதம் வேறு. சேர்த்துத் தைத்தால் முதல் மழைக்காலத்திலேயே அலை அலையாக நிற்கும். பட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். கோட்டில் கீறல் கீறலாக வெளிச்சம் தெரிந்தால் இழை செத்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே கிழியும். அப்படிப்பட்ட பட்டைக் கஞ்சி போன பழைய வேட்டி மேல் படுக்க வைத்து, மெல்லிய நூலால் அங்கங்கே பிடித்துத்தான் காட்ட முடியும். ஃபெவிகால் தடவவே தடவாதீர்கள். காய்ந்ததும் விறைக்கும், மடங்கும் இடத்தில் பட்டு முறியும். மீதிப் பட்டுகளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

அப்படியும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், புடவையை முழுதாக விரித்துப் படம் எடுத்துக்கொண்டு உள்தலைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். பாவக் கணக்கெல்லாம் எங்கள் துறை இல்லை.

காட்கோபர் வாசகர்: அம்மா காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவைத்த ரசப்பொடி அளவு கிடைத்திருக்கிறது. எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. அதை அப்படியே துணியில் எம்ப்ராய்டரி செய்ய வேண்டும். தாளை லேமினேட் செய்துவிடலாமா?

வேண்டாம். லேமினேஷன் சூட்டில் ஒட்டுகிறது, பிறகு பிரிக்க வழியில்லை. எழுதிய தாள் ஏதாவது கடை பில்லாக இருந்தால் அந்தச் சூட்டிலேயே மொத்தமும் கறுத்துப் போகும். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துவிட்டு, அசலை அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே தட்டையாக வையுங்கள்.

தையலுக்கு எழுத்தைப் பெரிதாக்கி அச்சிடுங்கள். எழுத்தின் உயரம் ஒரு செ.மீ.க்குக் கீழே இருந்தால் ண, ளு, னை போன்றவற்றின் சுழிகளில் ஊசி திரும்ப இடம் இருக்காது, சுழி அடைத்துக்கொண்டு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பகலில் ஜன்னல் கண்ணாடியில் அச்சுப்படியை ஒட்டி, அதன்மேல் துணியை ஒட்டி, தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் கோடு எடுங்கள். தைத்து முடித்ததும் முதலில் அலசுங்கள், இஸ்திரி பிறகுதான். வரிசையை மாற்றினால் சூட்டில் அந்த நீலம் நிரந்தரமாகத் தங்கிவிடும். நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டு இழை பிரித்து, 45 செ.மீ.க்கு மேல் நீளமில்லாமல் கோத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் 5 மி.மீ. தையல், சுழியில் 2 மி.மீ. அம்மா அடித்துத் திருத்தியதை, 'துவரம் பருப்பு' என்பதில் ஒற்று விட்டதை, எதையும் சரிசெய்யாதீர்கள்.

செம்பூர் வாசகி: நான் எட்டு வயது வரை வளர்ந்தது சாலில் (பொதுத் தாழ்வாரத்தில் வரிசையாக அறைகள் உள்ள பழைய குடியிருப்பு) ஒற்றை அறை. கட்டிடத்தை இடித்து டவர் வந்துவிட்டது. ஒரு போட்டோகூட இல்லை. அந்த அடுப்படியை வரைய உட்கார்ந்தால் ஏதோ சினிமா செட் மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

இரண்டு இடத்தில் தப்பு நேர்ந்திருக்கும். ஒன்று அளவு, இன்னொன்று கண் உயரம்.

அளவிலிருந்து ஆரம்பிப்போம். படம் வரையாதீர்கள், முதலில் தரைப்படம் போடுங்கள். 20 செ.மீ.யை 1 செ.மீ. ஆகச் சுருக்கினால் பத்தடிச் சுவர் தாளில் 15 செ.மீ. வரும். மும்பையின் பழைய அரசுக் குடியிருப்பான பி.டி.டி. சாலில் ஓர் அறை 160 சதுர அடி. இந்த அளவில் அது ஏ4 தாளில் ஐந்தில் மூன்று பங்கைத்தான் பிடிக்கும். அறையின் அளவு நினைவில்லை என்றால் அதில் இருந்த பொருள்களை வைத்துப் பிடியுங்கள். கேஸ் சிலிண்டர் சுமார் இரண்டடி உயரம், இரும்பு பீரோ ஆறரை அடி. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் சுருட்டி நிற்குமா? கதவைத் திறந்தால் குடத்தில் இடிக்குமா? மோரியில் (அறை மூலையில் உள்ள கழுவுமிடம்) அம்மா பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் அடுப்புப் பக்கம் போக வழி இருக்குமா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் அறை தானாக இறுகி உண்மையான அளவுக்கு வந்துவிடும். நினைவு எப்போதும் அறையைப் பெரிதாக்கித்தான் வைத்திருக்கும். சினிமா செட் மாதிரி வருவதற்குக் காரணமும் அதுதான், செட்டில் கேமரா போக இடம் விட்டிருப்பார்கள்.

அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும் தரைப்படம் போடச் சொல்லுங்கள். தனித்தனியாக, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுகிறவரின் வீடுதான் தாளில் வரும். மூன்று படங்களும் ஒத்துப்போகாத இடங்களை அழிக்காமல் மெல்லிய தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதையே படைப்பாகக் காட்டலாம்.

அடுத்தது கண் உயரம். மூன்று வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து சுமார் 85 செ.மீ., ஐந்து வயதில் 97 செ.மீ. அளவில் இருக்கும். கடப்பாக்கல் மேடையின் உயரம் 80–85. மூன்று வயதில் மேடையின் மேல்பரப்பு உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கல்லின் விளிம்பு ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்திருக்கும். அதற்கு மேலே ஆவியும் அம்மாவின் முழங்கையும். ஷெல்ஃபில் இருந்த டப்பாக்களின் அடிப்பாகம், மேஜையின் அடியில் சாக்பீஸ் குறி, அடுப்புக்குக் கீழே ரப்பர் டியூப் வளையும் விதம் இவையெல்லாம் பிள்ளைக் கண்ணுக்குச் சொந்தமானவை. நீங்கள் இப்போதைய உங்கள் உயரத்திலிருந்து வரைகிறீர்கள். தாளில் அடிவானக் கோட்டை 85 செ.மீ. அளவுக்கு இறக்கிப் போட்டுவிட்டு அதன்மேல் வரைந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் இப்போதைய சமையலறையில் ஃபோனை அந்த உயரத்தில் பிடித்து நாலு படம் எடுங்கள், போதும்.

வெறும் தரைப்படமே முழுமையான ஓவியமாக முடியும் என்பதற்கு அச்சுக் கலைஞர் சரீனா ஹாஷ்மியின் வேலை நல்ல சாட்சி. 1937இல் அலிகரில் பிறந்தவர், உலகம் முழுக்க இடம் மாறி வாழ்ந்தவர். அலிகர் வீட்டின் தரைப்படத்தை 1994இல் எட்சிங்காக (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) செய்தார். 1999இல் செய்த 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுப்பில் வீடு, வாசல் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கறுப்புக் கோட்டுப் படமும் அதன்கீழ் உருது எழுத்தும் மட்டுமே இருக்கும். ஆளே கிடையாது.

இன்னொன்று: நிறத்துக்குப் போகும் முன் வெளிச்சத்தை முடிவு செய்யுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலா, பொதுத் தாழ்வாரத்துப் பக்கம் கதவு மட்டுமா? பகலிலும் விளக்கு போட்ட அறை என்றால் நிழல்கள் மேலிருந்து விழும். அதைத் தப்பாகப் போட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் இடம் ஒட்டாது.

தாராவி வாசகி (கலைக் கல்லூரி முதலாம் ஆண்டு): பாட்டியின் எவர்சில்வர் டம்ளர், செம்பு, குடம் எல்லாவற்றின் உட்புறத்தையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்க்க நினைத்தேன். டம்ளரில் ஊற்றியது வெளியே வரவே இல்லை. பாட்டி திட்டுகிறார். டம்ளரைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். பிளாஸ்டர் இறுகும்போது கொஞ்சம் விரியும், அதனால் நேர்ச்சுவர் டம்ளரை உள்ளிருந்து கவ்விக்கொள்கிறது. ஒரு நாள் உலர விட்டு, டம்ளரின் வெளிப்பக்கம் சுடுதண்ணீர் ஊற்றி, கவிழ்த்துப் பலகையில் தட்டுங்கள். உலோகம் விரிந்து பெரும்பாலும் விடும். விடாவிட்டால் உள்ளே இருப்பதை உளியால் நடுவிலிருந்து சிறிது சிறிதாக உடைத்து எடுக்க வேண்டியதுதான். வார்ப்பு போகும், டம்ளர் பிழைக்கும்.

அடுத்த முறை வாய் அகன்று அடி குறுகிய டம்ளரை எடுங்கள். உட்புறம் முழுதும் வாஸலின் தடவி, பஞ்சால் துடைத்து மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். கட்டியாக இருந்தால் அந்தத் தடவல் கோடெல்லாம் வார்ப்பில் பதியும். 250 மி.லி. டம்ளருக்கு 160 மி.லி. தண்ணீரும் 230 கிராம் பிளாஸ்டரும் சரியாக இருக்கும். தண்ணீரை முதலில் பாத்திரத்தில் விட்டு, அதன்மேல் பிளாஸ்டரைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் அடியில் கட்டி நிற்கும். தூவியபின் ஒரு நிமிடம் ஊற விட்டு, குமிழி எழாமல் மெதுவாகக் கலக்கி, டம்ளரின் ஓரமாக ஊற்றி, பக்கத்தில் தட்டுங்கள். வேகமாக அடித்துக் கலக்கினால் காற்றும் சேரும், இறுகுவதும் முந்திக்கொள்ளும். வார்ப்பு முதலில் சூடாகும். அந்தச் சூடு முழுதும் ஆறிய பிறகே வெளியே எடுங்கள். ஜூலையில் வாங்கிய பை ஈரம் குடித்திருந்தால் எவ்வளவு அளந்து போட்டாலும் சுண்ணாம்பு மாதிரி உதிரும், புதுப் பை வாங்குவதே லாபம். மிச்சக் கரைசலை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும். கையையோ காலையோ பிளாஸ்டருக்குள் விட்டு வார்க்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கனமான வார்ப்பு சூடாகும்போது தோலை வேகவைக்கும், இறுகிவிட்டதால் கையை எடுக்கவும் முடியாது.

செம்பும் குடமும் இந்த முறைக்கு ஆகாது. கழுத்து குறுகல், வயிறு அகலம். உள்ளே இறுகியது வெளியே வர வழியே இல்லை. அவற்றின் வெளிப்புறத்தில் செய்தித்தாள் பட்டைகளை ஐந்தாறு அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் பிளேடால் இரண்டாகப் பிளந்து கழற்றி மீண்டும் ஒட்டலாம். முதல் அடுக்கை வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டுங்கள், அப்போதுதான் குடத்தை விட்டு வரும். மற்ற அடுக்குகளுக்கு மைதாப் பசை வேண்டாம், கரப்பான்களுக்கு விருந்து. ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்தால் போதும்.

பாட்டியின் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்குமே, அதைக் கவனித்தீர்களா? கல்யாணத் தேதியும் ஊர்ப் பெயரும்கூடப் புள்ளி புள்ளியாகப் பொறித்திருக்கும். மெல்லிய தாளை அதன்மேல் டேப்பால் இறுக்கி, 6பி பென்சிலைப் படுக்க வைத்து அழுத்தாமல் தேயுங்கள். புள்ளிகள் வெள்ளையாக எழுந்து நிற்கும். பெயர் இருப்பது வெளிப்பக்கம், உங்கள் வார்ப்பு வருவது உட்பக்கத்திலிருந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். வெற்றிடத்தை வார்ப்பதில் ரேச்சல் வைட்ரீட் பெரிய பெயர். 1993இல் கிழக்கு லண்டனில் ஒரு முழு வீட்டின் உட்புறத்தையும் கான்கிரீட்டில் வார்த்தார். அடுத்த ஜனவரியில் இடித்துவிட்டார்கள்.

சயான் வாசகர்: அம்மாவுக்கு மனநிலை சரியில்லாமல் இருந்த வருஷங்களை வைத்து ஒரு ஓவிய வரிசை செய்கிறேன். கூடப் பிறந்தவர்கள் காட்டக்கூடாது என்கிறார்கள்.

அம்மா உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் காட்டுங்கள்; அவர் வேண்டாம் என்றால் வீட்டுக்குள் இருக்கட்டும். அம்மா இப்போது இல்லை என்றால், மருந்துச் சீட்டு, மருத்துவர் பெயர், முகம் தெரியும் போட்டோ ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அவை இல்லாமல் ஓவியம் நிற்காது என்றால் வேலை இன்னும் முடியவில்லை. கூடப் பிறந்தவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் வரும் படங்களுக்கு மட்டும் அவர்கள் சொல் செல்லும் என்பது எங்கள் கட்சி.

வாஷி வாசகி: முறுக்கு அச்சு, ஜல்லிக் கரண்டி, இடியாப்பத் தட்டு இவற்றின் நிழலை சயனோடைப் முறையில் (ரசாயனம் தோய்த்த துணியில் வெயிலால் நீலப் படம் பதிப்பது) பழைய வேட்டியில் பதித்தேன். வெளிறிய நீலம்தான் வந்தது, அலசினதும் பாதி போய்விட்டது. கரைசலில் தப்பா?

பொருள் தேர்வுக்கே ஒரு சபாஷ். துளை உள்ள பாத்திரத்துக்குத்தான் இந்த முறை பிறந்திருக்கிறது.

கரைசல்: 25 கிராம் பச்சை நிற ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 100 மி.லி. தண்ணீரில், 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு இன்னொரு 100 மி.லி. தண்ணீரில். பழுப்பு பாட்டில்களில் தனித்தனியாக வைத்து, வேண்டும்போது சம அளவு கலக்க வேண்டும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் வேட்டித் துண்டு நனைய 50–60 மி.லி. போதும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். சிட்ரேட் கரைசலில் நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், ஆகையால் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வது நல்லது. ரசாயனம் பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கத்து லேப் கெமிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கலக்கும் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக்கூடாது. பாத்ரூமில் அலசுகிறவர்கள் கழிப்பறை ஆசிடைத் தள்ளி வையுங்கள். கடும் அமிலம் ஃபெரிசயனைடோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

உங்கள் சிக்கலுக்கு மூன்று காரணம் தோன்றுகிறது. வேட்டியில் கஞ்சியோ சோப்போ மிச்சம் இருந்திருக்கும். கஞ்சி கரைசலை இழைக்குள் விடாது, சோப்பின் காரம் நீலத்தைத் தின்னும். இரண்டாவது, வெயில் போதவில்லை. நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள், நிறத்தில் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சை முதலில் நீலமாகும், பிறகு சாம்பல் படிந்து வெண்கலம் போல மங்கும். அந்த மங்கல் வரும்வரை நகரக்கூடாது. நீலம் அழகாக இருக்கிறதே என்று எடுத்தால் அலசும்போது போய்விடும். பிப்ரவரி நண்பகலில் பத்து நிமிடத்தில் வருவது ஆகஸ்ட் மேகத்தில் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். ஒரு சின்னத் துண்டில் அட்டையை நகர்த்தி நகர்த்தி 5, 10, 15, 20 நிமிடம் என்று சோதனைப் பட்டை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது, துணி முழுதும் உலராமல் வைத்திருக்கலாம். ஈரத்தில் பதிவு மங்கும். இரும்புப் பாத்திரம் பட்ட இடத்தில் துருக்கறையும் விழும். இருட்டறையில், விசிறிக்கு அடியில், மொறுமொறுவென்று உலரட்டும். வெயிலில் வைத்தபின் பச்சைத் தண்ணீரில் மஞ்சள் முழுதும் போகும்வரை பத்து நிமிடம் அலசுங்கள். பிறகு எப்போதும் சோப்புத் தூள் கூடாது. துணி பல மாதம் வெளிச்சத்தில் தொங்கி வெளிறினால் இருட்டில் சில நாள் வைத்துப் பாருங்கள், நீலம் பெரும்பகுதி திரும்பி வரும்.

நண்பகல் வெயிலில் முறுக்கு அச்சின் துளைகள் கூர்மையாக விழும். காலை எட்டு மணிக்கு வைத்தால் ஜல்லிக் கரண்டியின் நிழல் ஒரு முழம் நீளும். அது பிழையா அழகா என்பது உங்கள் முடிவு. ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷெல் இந்த முறையைக் கண்டுபிடித்தது 1842இல். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிக்கத் தொடங்கிவிட்டார்.

டோம்பிவ்லி வாசகி: ஏழு மாதக் குழந்தை. கல்யாணத்துக்கு முன் ஆயில் பெயின்டிங் செய்வேன். இப்போது இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. 'இது எதுக்கு இப்போ?' என்கிறார் மாமியார். இந்த நாட்களை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

ஆயிலை மூட்டை கட்டி வையுங்கள். டர்பென்டைன் ஆவியும் காட்மியம் நிறங்களும் தவழும் குழந்தை உள்ள ஒரு படுக்கையறை வீட்டில் ஆகாது. காய ஒரு வாரம் ஆகும் படத்தை எங்கே வைப்பீர்கள்? சாக் பேஸ்டலின் தூளும் வேண்டாம். பென்சில், துணி, நூல் போதும். ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்: ஐந்து வெளியே வந்தால் ஐந்தும் டப்பாவுக்குள் போக வேண்டும், கூட ஒரு காந்தத் துண்டு.

செய்யக்கூடிய ஒன்று: 10 செ.மீ. அகலமுள்ள பருத்திப் பட்டையில் பென்சிலால் முப்பத்தொரு கட்டம் போடுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. பால் கொடுத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தையல். பகலுக்கு ஒரு நிறம், இரவுக்கு ஒரு நிறம். கூழ் ஊட்டியதற்கு வேண்டுமானால் மூன்றாவது. ஒரு தையலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. முக்கியமான சட்டம் ஒன்று: விட்டுப்போன நாளை மறுநாள் நிரப்பக்கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் வெறுமையாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், பார்ப்பவர் கண் அங்கேதான் நிற்கும். பட்டை முடிந்ததும் அடுத்ததை அதோடு இணையுங்கள். பால் குடி மறக்கும் மாதத்தில் நிறங்கள் தாமாகவே குறைந்துவரும்.

கலைஞர் மேரி கெல்லி 1973 முதல் 1979 வரை மகன் வளர்வதையே இப்படிப் பதிவு செய்தார். குழந்தையின் நாப்கின் கறையைச் சட்டத்துக்குள் போட்டு, அன்று என்ன ஊட்டினார் என்பதை அதன் கீழே குறித்திருந்தார். 1976இல் லண்டனில் காட்டியபோது செய்தித்தாள்கள் கூச்சல் போட்டன. இன்று அது பெண்ணியக் கலையில் தவிர்க்க முடியாத படைப்பு. மாமியாருக்கு இந்தக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதைவிட, அவர் உங்கள் கணவரை வளர்த்தபோது இரவில் எத்தனை தடவை எழுந்தார் என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணிக்கைக்கு அவரையே ஒரு வரி தைக்கச் சொல்லலாம்.

குழந்தையின் முகத்தை இணையத்தில் போடாமலே இந்த வேலையைக் காட்ட முடியும் என்பது கூடுதல் வசதி.

முலுண்ட் வாசகர்: எண்பதுகளில் வாங்கிய ஆல்பம், ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ளது. போட்டோக்கள் மஞ்சளாகி ஒட்டிக்கொண்டுவிட்டன. அவற்றை வைத்துக் கொலாஜ் செய்ய வேண்டும், எப்படிப் பிரிப்பது?

பிரிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள், கிழிந்தாலும் படம் மிஞ்சும். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ.யில் எடுத்தால் 8க்கு 12 வரை நன்றாக அச்சிடலாம். பிறகு பிளாஸ்டிக் தாளை மெல்ல விலக்கி, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் போட்டோவின் மூலைக்கு அடியில் விட்டு, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே நகருங்கள். இறங்க மறுத்தால் பக்கத்தின் பின்புறம் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில விநாடி காட்டுங்கள். போட்டோவை வளைக்கவோ மேல்நோக்கி இழுக்கவோ கூடாது, மேல்படலம் வெடிக்கும். வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் ஈரத்துணி படவே கூடாது; வெயில் நாளில் பால்கனியில், மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைத் தொடாதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

கொலாஜில் அசல் வேண்டாம். துணியிலோ மரத்திலோ மாற்ற வேண்டுமானால் லேசர் அச்சுப்படி எடுங்கள், இங்க்ஜெட் கரைந்துபோகும். எழுத்து இருந்தால் இடவலம் திருப்பி அச்சிட வேண்டும். அக்ரிலிக் ஜெல் மீடியம் தடவி, முகம் கீழாக ஒட்டி, குமிழியில்லாமல் தேய்த்து, ஒரு முழு நாள் காய விடுங்கள். மழைக்காலமானால் இரண்டு நாள். பிறகு தாளின் பின்புறத்தை நனைத்து விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் திரி திரியாக உருண்டு வந்துவிடும், மை தங்கும். ஜெல்லுக்குப் பதில் ஃபெவிகால் போட்டால் நனைக்கும்போது அதுவும் இளகி, அப்பாவின் மீசையோடு சேர்ந்து வந்துவிடும்.